அதே சோறு, ஓய்ந்த தசை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் 25 வயதில் மீன் கூடை சுமந்த ஒருவர், 46 வயதில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் விழும் சோறு அன்றும் இன்றும் ஒரே அளவுதான். அதிலிருந்து வரும் குளுக்கோஸை வாங்கி வைக்கும் இடம்தான் சுருங்கிவிட்டது. நீரிழிவுக்கு வழி திறப்பது அங்கேதான்.

உண்டபின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கைத் தசைகளே இழுத்துக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. சுமை தூக்கும் தசையில் அந்தச் சேமிப்பு அன்றாடம் செலவாகும். ஓட்டுநர் இருக்கையில் பத்து மணி நேரம் மடங்கிக் கிடக்கும் தொடையில் அது அப்படியே தங்கிவிடும். மிஞ்சியது கொழுப்பாகிக் கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் படிய, இன்சுலினுக்குச் செல்கள் பணிவது குறைகிறது. கணையம் உடனே கைவிடுவதில்லை. கூடுதலாக இன்சுலின் சுரந்து பல ஆண்டுகள் சரிக்கட்டுகிறது. அதனால்தான் வெறும் வயிற்றுச் சோதனையில் 98 வந்த சீட்டைக் காட்டி, "எனக்கு சுகர் இல்லை" என்று அவரால் சொல்ல முடிகிறது. அந்த எண்ணைப் பிடித்து நிறுத்தக் கணையம் படும் பாடு சீட்டில் வராது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் களைத்த பிறகே எண் நீரிழிவின் எல்லையான 126-ஐத் தொடும்.

நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்விலிருந்து உருவாக்கி 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ஊசியே தேவையில்லை. நம் ஓட்டுநருக்கு வயதுக்காக 20, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. என்பதற்காக 10, உடற்பயிற்சியற்ற உட்கார்ந்த வேலைக்காக 30, தந்தைக்கு இருந்த நோய்க்காக 10, ஆக 70. 60-ஐ எட்டினாலே அபாயம் அதிகம். (பேண்ட் அளவு 34 தானே என்று வாதிடுவதில் பொருளில்லை, அது தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்ட பெல்ட்டின் அளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும்.)

மதிப்பெண் நோயை உறுதி செய்வதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையில் 140 முதல் 199 வரை வந்தால் அது முன்நீரிழிவு நிலை. அந்த நிலையில் இருந்த 35 முதல் 55 வயதினரிடம் நடத்தி 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்றே ஆண்டுகளில் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 விழுக்காடாக இருந்தது.

நடை வேலை செய்யும் விதம் எளிது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோஸுக்குத் தன் கதவைத் திறக்கிறது. தண்டையார்பேட்டை நிறுத்தத்தில் சவாரிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம் அவர் இறங்கி நடந்தாலும் தொடையில் அது நிகழும். நல்ல உழைப்புக்குப் பின் தசை இன்சுலினுக்கு இணங்கி நிற்பது ஓரிரு நாள் வரைதான். வாரம் ஒரு ஞாயிறு மட்டும் கடற்கரையில் நடப்பவருக்குப் புதன்கிழமைக்குள் அது தேய்ந்துவிடுகிறது.