ஹுமாயூன் கல்லறைத் தோட்டம்: உள்ளே போக உரிமை உண்டு, பழத்தின் மேல் இல்லை

டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைச் சுற்றியிருப்பது பாரசீக முறையில் நான்காகப் பகுத்த சார்பாக் தோட்டம். 2003இல் அதைச் சீரமைத்து முடித்தபோது மா, எலுமிச்சை எல்லாம் மறுபடி நட்டிருந்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். டிக்கெட்டிலும் பழத்திலும்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் போகும் உரிமையைப் பொதுமக்களுக்குத் தருகிறது. விதிகளுக்கு உட்பட்ட உரிமைதான், ஆனாலும் உரிமை. வாசலில் இருப்பவர் போடும் பிச்சை இல்லை.

2018இல் வந்த கட்டணப்படி இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. இணையத்தில் எடுத்தால் 35, 550. பதினைந்து வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை. சிக்கல் அடுத்ததில்தான். சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கும் இந்தியக் கட்டணம்தான். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், வேறொரு சின்னத்தின் கவுண்டரில் தலைக்கு 600 கட்டிவிட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால்தான் குறைப்பார்கள், கேட்காதவரிடம் யாரும் சொல்வதில்லை. அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள். இணையத்தில் அவசரத்தில் 'வெளிநாட்டவர்' என்று அழுத்திவிட்டால் பணம் திரும்ப வராது.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் மட்டும் இந்தியக் கட்டணம். 2021 மார்ச் அறிவிக்கை அதைத் தெளிவாகவே சொல்கிறது. அட்டையை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு வந்தால் முழுக் கட்டணம்தான். தாஜ்மகாலில் இதே கணக்குப் போடாதீர்கள். அங்கே ஆக்ரா வளர்ச்சி ஆணையமும் தனியாக வசூலிப்பதால் இலங்கையர் 540 ரூபாய் கட்ட வேண்டும்.

சரி, பழம். மரம் அரசுடையது, காயும் அரசுடையது. கீழே விழுந்த பழம் பொது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அதே தொல்லியல் சட்டத்தின் கீழ் வந்த 1959ஆம் ஆண்டு விதிகளில் 8ஆம் விதி, சின்னத்துக்குச் சேதம் விளைவிப்பதையும் ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் சமைப்பதையும் சாப்பிடுவதையும் தடுக்கிறது. புல்வெளியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாலும் இதே விதிதான்.

"நான் பறித்துத் தருகிறேன், ஐம்பது கொடுங்கள்" என்று ஒருவர் கிட்டே வருவார். கொடுக்காதீர்கள். ஒருவர் பறித்துத் தர, அடுத்தவர் வந்து அபராதம் என்று மிரட்டும் கூத்து நடக்கிறது. அப்படி யாராவது பணம் கேட்டால் எந்த விதி, எந்த ரசீது என்று அமைதியாகக் கேளுங்கள். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை ஒரு எலுமிச்சையைப் பொறுக்கியதற்காக ஒரு தாயை அழவைப்பது அநியாயம்.

இங்கே விளையும் பழம் எங்கே போகிறது, ஏலம் விடுகிறார்களா, பணம் யார் கணக்கில் சேருகிறது என்று கேட்டால் அலைச்சல் ஆரம்பிக்கும். தொல்லியல் துறையின் டெல்லி வட்ட அலுவலகம் அதே துறையின் தோட்டக்கலைப் பிரிவைக் கைகாட்டும். தோட்டக்கலைப் பிரிவின் தலைமையகம் ஆக்ராவில். அவர்கள் திரும்ப வட்டத்தைக் கைகாட்டுவார்கள். அவர்கள் துறையின் உள்கணக்குக்கு நீங்கள் ஏன் ஆட்டோ பிடித்து அலைய வேண்டும்?

பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், இணையத்திலேயே போடலாம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள். "பழம் எங்கே போகிறது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். எந்த ஆண்டு, எந்தத் தோட்டம், ஏல ஆவணத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இந்த வழி. இலங்கையிலிருந்து வந்தவர்கள் இங்கிருக்கும் உறவினர் யாரையாவது அவர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.