கால் தாங்கிய மண், கார் தாங்கவில்லை

மே மாதத்தில் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா பக்கம் போயிருக்கிறீர்களா? பழவேற்காடு ஏரிக்கு நடுவில் போட்ட சாலை அது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான், ஆனால் ஆழம் ரொம்பக் குறைவு, அதனால் கோடையில் இந்த வடக்குப் பக்கம் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பொட்டலாகக் கிடக்கும். தடாவில் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்த நாங்கள் ஆறு பேர் ஒரே காரில் அடைந்துகொண்டு பூநாரை பார்க்கக் கிளம்பினோம். இந்த வெயிலில் பூநாரை ஏது என்று பெரியம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"அப்பா, ரோட்ல தண்ணி!" என்று மகள் கத்தினாள். கானல்தான். காய்ந்த தாரை ஒட்டியிருக்கும் காற்று சூடாகி அடர்த்தி குறைந்துவிடுகிறது, மேலே இருப்பது அவ்வளவு சூடில்லை. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி, அந்தச் சூட்டுக் காற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது. ஒளி நேர்க்கோட்டில்தான் வரும் என்று நம்பும் மூளை, வானத்தைத் தூக்கித் தரையில் வைத்துவிடுகிறது. காற்று கொதித்து அலைவதால் அது தண்ணீர் மாதிரியே தளும்பவும் செய்யும்.

இந்த வளைவு மிகச் சிறியது. தரையை ஒட்டிய காற்று 20 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், பார்வைக்கோடு தரையோடு சுமார் மூன்றில் ஒரு டிகிரிக்குள் சாய்ந்திருந்தால்தான் கானல் தெரியும். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் கோணம் தரையைத் தொடுவது ஏறக்குறைய 200 மீட்டருக்கு அப்பால். எவ்வளவு வேகமாகப் போனாலும் அதே 200 மீட்டர் முன்னால் அது ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியை ஓரங்கட்டி, மகளைக் குந்தி உட்காரச் சொன்னேன். கண் உயரம் பாதியானால் தூரமும் பாதி. "கிட்ட வந்துடுச்சுப்பா!"

அதோடு திரும்பியிருக்கலாம். பெரியப்பா பொட்டலில் இறங்கி நடந்தார், ரெண்டு தடவை குதித்தும் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்குடா, வண்டிய இறக்கு." பறவைகள் சரணாலயம் வேறு, இறங்கியதே தப்பு. இருபது மீட்டர்கூடப் போகவில்லை, முன்சக்கரம் ரெண்டும் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன.

ஏரி வற்றினாலும் உப்புத்தண்ணீர் களிமண்ணுக்கடியில் அப்படியே இருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, மண் துகள்களின் இடுக்கு வழியாக அது மேலே ஏறும். நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள இடுக்கில் ஒன்றரை மீட்டர் வரை ஏற முடியும். மேலே வந்த தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் பூத்து மண்ணோடு சேர்ந்து இறுகிப் பொருக்காகிறது. வெள்ளையாக இருப்பதால் அந்தப் பொருக்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், இடுக்குகளையும் அடைத்துக்கொள்ளும், ஆக அடியில் இருக்கும் சேறு காயவே காயாது.

சரி, பெரியப்பாவைத் தாங்கியது காரை ஏன் தாங்கவில்லை? கனம் மட்டும் கணக்கில்லை. நடக்கிறவரின் பாதம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை கிலோதான் அழுத்தும். 32 பாயின்ட் காற்றடித்த டயரோ இரண்டே கால் கிலோ அழுத்தும். டயர் தரையை அழுத்துவது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தில்தான், சுமை கூடினால் அது இன்னும் சப்பையாகிக் கூடுதல் இடத்தில் உட்காரும், அவ்வளவே. மணலிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் காற்றை இறக்கிவிடுவது இதனால்தான்.

நாங்களும் பாதிக் காற்றை இறக்கினோம். அப்புறம் டிராக்டர் வந்தது, ஓட்டியவர் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டே கயிறு கட்டி இழுத்தார். சக்கரம் விட்டுப்போன குழியில் தண்ணீர் ஊறி நின்றது. மகள் விரலால் தொட்டு நக்கிவிட்டு, தூ தூவென்று துப்பினாள்.