பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு ஒரே முறை போய் வர

பாஸ்போர்ட் என்றதும் விடியற்காலையில் போய் வரிசையில் இடம் பிடிக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. வெளியுறவு அமைச்சகம் 2010-இல் பெங்களூரிலும் சண்டிகரிலும் சோதனையாகத் தொடங்கிய பாஸ்போர்ட் சேவைத் திட்டம் நாடு முழுவதும் பரவியபின், நேரம் குறித்துக்கொண்டு போவதே நடைமுறையாகிவிட்டது. ஆனாலும் மைய வாசலில் சற்று நேரம் நின்றால், முகம் வாடித் திரும்புகிற சிலரையாவது பார்க்கலாம். பாஸ்போர்ட் பெறும் தகுதி அவர்களுக்கு இருக்கும். கையில் ஒரு தாள் குறைந்திருக்கும், அல்லது இரண்டு தாள்களில் பெயர் இரண்டு விதமாக இருக்கும். அவர்கள் மறுபடி வரும்போது வேறொருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரம் பறிபோகிறது. காத்திருப்பு நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம். விண்ணப்பிக்கும் முன்பே விதிகளைத் தெரிந்துகொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

முதல் வேலை வீட்டிலேயே நடக்கிறது. அரசின் பாஸ்போர்ட் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஏ.ஆர்.என். என்ற விண்ணப்ப எண் கிடைக்கும். கட்டணம் செலுத்திய பிறகே நேரம் குறிக்க முடியும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். புதிதாக விண்ணப்பிக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. இதே தோற்றத்தில் போலி இணையதளங்கள் பல உலவுகின்றன. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என மூன்று இடங்களில் சேவை மையங்கள் இருக்கின்றன. ஒன்றில் தேதி தள்ளிப் போனால் மற்றவற்றையும் பாருங்கள். 2017 முதல் தபால் நிலையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையங்கள் திறக்கப்பட்டுவருகின்றன. உங்கள் மாவட்டத்துத் தபால் நிலையத்திலேயே முன்னதாக நாள் கிடைக்கலாம். 2018-க்குப் பிறகு நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணை மட்டும் படிவத்தில் நீங்கள் குறிப்பிட்ட முகவரியில் நடக்கும். குறித்த நாளில் போக முடியாவிட்டால், ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை வரை தேதியை மாற்றிக்கொள்ளலாம். வராமல் விட்டுவிடுவதை விட முன்கூட்டியே மாற்றுவது நல்லது. அந்த இடம் இன்னொருவருக்குப் பயன்படும்.

மையத்துக்குள் மூன்று நிலைகள். ஏ கவுன்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, படம் எடுத்து, கைரேகை பதிவார்கள். அங்கேயே படம் எடுப்பதால் கையில் கொண்டுபோக வேண்டியதில்லை. 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் தேவை. பி கவுன்டரில் அரசு அதிகாரி ஒரிஜினல்களைச் சரிபார்க்கிறார். சி கவுன்டரில் இருப்பவர் பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவு செய்கிறார். பெரும்பாலான தடங்கல்கள் பி கவுன்டரில்தான் வெளிப்படுகின்றன.

அங்கே தமிழர்களைத் தனியாக வாட்டுகிற ஒரு சிக்கல் இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்தோடு வாழ்ந்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை. அதை விரித்தே எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் 'எஸ்.முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா', பான் அட்டையில் 'சுப்பையா முருகன்' என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், கவுன்டரில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. ஆகவே நேரம் குறிக்கும் முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதலாமா, வெறுமையாக விடலாமா என்று பலரும் குழம்புகிறார்கள். வெறுமையாக விடுவதற்கு விதியில் தடை இல்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தியது. வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இரண்டு கட்டங்களையும் நிரப்புவதே என் பரிந்துரை.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழையும் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கும் வருமான வரி செலுத்துவோருக்கும், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது தேவைப்படும் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அந்தச் சலுகை பாஸ்போர்ட்டில் பதிவாக வேண்டுமானால் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். ஒரு தாளை மறந்ததற்காகப் பிறகு அலைகிற இளைஞர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பிறந்த தேதிக்கு இப்போது ஒரு புதிய விதி உண்டு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றைத் தரலாம். 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தளர்வுகளால் திருமணச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். உறுதிமொழிகளை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். நோட்டரியிடம் போகத் தேவையில்லை. பத்திரம் வாங்கச் சொல்லிப் பணம் கேட்கும் புரோக்கர்களை நம்ப வேண்டாம். அவர்களால் நேரத்தை முன்னே நகர்த்தவும் முடியாது.

அவசரமென்றால் தட்கல். கூடுதலாக 2,000 ரூபாய் ஆகும். போலீஸ் விசாரணை பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு நடக்கும். சாதாரண விண்ணப்பத்தில் அதற்கு முன்பே நடந்துவிடும். விசாரணைக்கு வரும் காவலருக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

60 வயதைக் கடந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்ப எண்ணுடன் நேரம் குறிக்காமலே போகலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. இந்தச் செய்தி அவர்களை எட்டவே இல்லை. ஒவ்வொரு மையமும் வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டிய முதல் வரி இது. இதே போல் ஏ கவுன்டருக்கு முன்னாலேயே ஒரு பணியாளர் தாள்களை ஒரு பார்வை பார்த்துக் குறையைச் சொன்னால், உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு திருப்பி அனுப்பப்படும் வேதனை இருக்காது.

அப்படித் திருப்பி அனுப்பினால், எந்த ஆவணம் ஏன் போதவில்லை என்பதை வெளியேறும்போது தரும் ஒப்புகைக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மறுபடி போனால் வேறு அதிகாரி வேறு குறை சொல்லக்கூடும். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800-258-1800. அங்கேயும் தீராவிட்டால் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர்ப்பு இணையதளத்தில் விண்ணப்ப எண்ணோடு புகார் பதியலாம்.