கல்லீரல் மறக்காத வேலை

சிறுநீரகங்கள் இரண்டையும் அகற்றிவிட்ட ஒருவரின் ரத்தத்திலும், சிவப்பணுக்கள் உருவாகத் தேவையான எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் கொஞ்சம் இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கல்லீரலிலிருந்து வருகிறது. ஏன் கொஞ்சம் மட்டும் என்பதுதான் கதை.

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அழிவதை ஈடுகட்ட ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 லட்சம் புதிய அணுக்கள் வேண்டும். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்களுக்கு எரித்ரோபொயட்டின் கிடைக்காவிட்டால், முதிர்வதற்கு முன்பே அவை மடிந்துபோகும். வளர்ந்தவர்கள் உடலில் இந்த ஹார்மோனின் பெரும்பங்கைச் சுரப்பது சிறுநீரகம். கல்லீரலின் பங்கு சுமார் 10 சதவீதம்.

கருவில் இது தலைகீழ். அங்கே கல்லீரல்தான் முதன்மைச் சுரப்பிடம். அது மட்டுமில்லை, கருவின் நடுப்பகுதி மாதங்களில் சிவப்பணுக்கள் உருவாவதும் பெரும்பாலும் கல்லீரலுக்குள்தான். ஹார்மோனும் அது ஊட்டி வளர்க்கும் செல்களும் ஒரே கூரையின் கீழ்! பிறகு ரத்த உற்பத்தி எலும்பு மஜ்ஜைக்கும், ஹார்மோன் சுரப்பு சிறுநீரகத்துக்கும் போய்விடுகின்றன.

சரி, ரத்தம் குறைகிறது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்? அது சிவப்பணுக்களை எண்ணுவதில்லை, ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. பார்க்கும் விதம் எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஹிஃப் என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது; தயாரித்த சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருப்பவர் அதைக் கிழித்துக்கொண்டே இருப்பது போல. அழிவு தொடங்குவது ஒரு நொதியால். அது ஹிஃப்பின் குறிப்பிட்ட இடத்தில் ஓர் ஆக்சிஜன் அணுவைப் பொருத்துகிறது. அந்த அடையாளத்தை விஎச்எல் என்ற புரதம் பிடித்துக்கொள்ள, ஹிஃப் செல்லின் குப்பை அரைக்கும் கூடத்துக்குப் போகிறது. இப்போது ஆக்சிஜன் குறைகிறது என்று வையுங்கள். பொருத்த அணு கிடைக்காமல் நொதி தடுமாறுகிறது. கிழிக்க ஆளில்லாத கடிதம் உட்கருவுக்குப் போய்ச் சேர்ந்து, எரித்ரோபொயட்டின் மரபணுவை இயக்குகிறது. ஆக்சிஜனை அளக்கத் தனிக் கருவி எதுவும் இல்லை, ஆக்சிஜனே அழிக்கும் வேலையின் மூலப்பொருள். தயாரித்துத் தயாரித்து அழிப்பது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் புதிதாகத் தயாரிக்க ஆரம்பித்தால் தாமதமாகிவிடும். அழிப்பதை நிறுத்துவது உடனே நடக்கும்.

இதைக் கண்டுபிடித்த பாதையிலும் கல்லீரல் இருக்கிறது. எரித்ரோபொயட்டின் சுரக்கும் சிறுநீரகச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தால் அந்தத் திறனை இழந்துவிடுகின்றன. 1987இல், கல்லீரல் புற்றுநோயிலிருந்து வந்த ஹெப்3பி என்ற செல்கள் ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹார்மோனைச் சுரப்பது தெரியவந்தது. அவற்றை வைத்துத்தான் அமெரிக்க ஆய்வாளர் கிரெக் செமென்ஸா ஹிஃப்பைக் கண்டுபிடித்தார். 2019இல் பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் இருவருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய்ச் செல்லில் ரத்த ஹார்மோனைத் தேடும் ஆய்வுக்கு, "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று மட்டும் கேட்டு நிதி ஒதுக்குகிறவர்கள் பணம் தரமாட்டார்கள். அந்தக் கேள்வியை அத்தனை சீக்கிரம் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். வளர்ந்தவரின் கல்லீரலும் இதே முறையில்தான் இயங்குகிறது, ஆனால் அது விழித்துக்கொள்ள ஆக்சிஜன் மிகவும் குறைய வேண்டும். அதனால்தான் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தசோகை வரும்போது, கல்லீரல் அந்தக் குறையை முழுவதும் ஈடுகட்டுவதில்லை. ஹிஃப்பின் அழிவைத் தொடங்கிவைக்கும் அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் இப்போது உள்ளன. அவற்றுள் ஒன்றைச் சிறுநீரகங்கள் அறவே இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் எரித்ரோபொயட்டின் நன்றாகவே ஏறியது. கருவில் செய்த வேலையைக் கல்லீரல் மறக்கவில்லை, கடிதம்தான் அதற்குச் சரியாகப் போய்ச் சேராமல் இருந்தது.