முள்ளுக்கு முன்னால் கதவைப் பாருங்கள்

“பாறைக்குள் கிடைக்கும் டைனோஃபிளாஜெல்லேட் கூடுகள் எல்லாமே முள் வைத்த உருண்டைகளாகத்தானே இருக்கின்றன, எதை வைத்து இனம் பிரிக்கிறார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நீரில் நீந்தும் இந்த ஒற்றைச்செல் உயிரிகளில் சிறு பகுதிதான், உறக்க நிலையைக் கழிக்க, புதைபடிவமாகத் தங்கக்கூடிய கூடு கட்டுகிறது. கூட்டுச் சுவர் டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருள், அமிலத்துக்கு அசையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் சிலிக்கேட்டும் கரைந்தபின், 10 அல்லது 15 மைக்ரான் சல்லடையில் அலசி, கிளிசரின் ஜெல்லியில் ஸ்லைடு போடுவார்கள். ஆனால் ஆக்சிஜனேற்றும் நைட்ரிக் அமிலம் வேறு மாதிரி: அதில் அதிக நேரம் விட்டால் புரோட்டோபெரிடினியம் வகைப் பழுப்புக் கூடுகள்தான் முதலில் அழியும். அப்புறம் ஸ்லைடைப் பார்த்து ‘அவை இங்கே வாழவில்லை’ என்று எழுதினால் தப்பு.

இனி கதவு. முளைக்கும் உயிரி கூட்டைக் கண்டபடி கிழிப்பதில்லை. சுவரில் குறித்த ஒரு துண்டு மட்டும் விளிம்பு பிசகாமல் கழன்றுகொள்கிறது. அந்தத் திறப்பின் பெயர் ஆர்க்கியோபைல். நீந்தும் நிலையில் உயிரி அணிந்திருந்த கவசத் தகடுகளில் ஒன்றோ சிலவோ எந்த வடிவமோ, அதே வடிவம் இதற்கு. ஸ்பினிஃபெரைட்டஸ் பேரினத்தில் இடுப்புப் பள்ளத்துக்கு மேல் வரிசையின் மூன்றாம் தகடு, அது முதுகுப்புறம். அரியோலிஜெராவில் உச்சித் தகடுகள் மொத்தமும் போய், வளைந்து நெளிந்த விளிம்பு மிஞ்சும். ஸ்பினிஃபெரைட்டஸில் கதவைக் கண்டுவிட்டால் முதுகு எது என்று தெரியும். முதுகு தெரிந்தால் மற்றத் தகடுகளை வரிசையாக எண்ணிவிடலாம். இத்தனை சிறிய ஓட்டைக்குள் இத்தனை தகவல்! ஹிஸ்ட்ரிகோஸ்பியர் என்று இனம் புரியாமல் கிடந்த முள்ளுருண்டைகளில் பல டைனோஃபிளாஜெல்லேட் கூடுகளே என்று 1961இல் எவிட் என்ற ஆய்வாளர் நிறுவியதும் இந்தத் திறப்பைக் கொண்டுதான்.

அதன்பிறகே முள். எவ்வளவு நீளம் என்பதைவிட எங்கே முளைக்கிறது என்பது முக்கியம். ஸ்பினிஃபெரைட்டஸில் தகடுகள் கூடும் மூலைகளில் நிற்கும் முள் நுனியில் மூன்றாகப் பிரியும். ஹிஸ்ட்ரிகோஸ்பேரிடியத்தில் தகட்டுக்கு ஒன்றாக நடுவில் குழாய்போல் நிற்கும். நீளத்தை மட்டும் நம்பிப் புதுப் பெயர் வைப்பது ஆபத்து: லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் என்ற கூட்டினம் உப்புக் குறைந்த நீரில் குட்டை முள்ளோடு வளரும். அதனால் பல கூடுகளை அளந்து, குறைந்த அளவு, சராசரி, அதிக அளவு மூன்றையும் தர வேண்டும். இன்னொரு பொறி: சுவர் ஒளி ஊடுருவுவது. அடிச்சுவரில் ஃபோகஸ் வைத்தால் இடமும் வலமும் மாறித் தெரியும். மேல், நடு, அடி என்று மூன்று படம் எடுத்து, எது எந்த ஃபோகஸ் என்று படத்தின் கீழ் எழுதாவிட்டால் தகடு எண்ணுகிறவர் ஏமாறுவார்.

பெயரிடலுக்குத் தாவரவியல் விதித்தொகுப்புதான். லத்தீன் அல்லது ஆங்கில விவரணை, படம், பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியாக ஒரே ஒரு கூடு, அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். ஸ்லைடில் அந்தக் கூடு இருக்கும் இடத்தை இங்கிலாந்து ஃபைண்டர் என்ற கட்டமிட்ட கண்ணாடித் தகட்டின் எண்ணால் குறிப்பது வழக்கம். ஆனால் ஓரத்தைச் சரியாக அடைக்காவிட்டால் ஜெல்லி வற்றிச் சுருங்கும். கூடு நகரும், நசுங்கும். புது இனம் அறிவிக்கும் ஆய்வுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது பழைய மூலமாதிரிகளைக் காப்பதற்கு ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அசல் இல்லாத பெயரால் யாருக்கும் பயனில்லை.

உயிருள்ள கூடுகளை ஆய்வகத்தில் முளைக்க வைத்த வால், டேல் என்ற இரு ஆய்வாளர்கள், வேறு வேறு ஸ்பினிஃபெரைட்டஸ் கூடுகளிலிருந்து கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா என்று அழைக்கப்பட்ட உயிரியே வருவதைக் கண்டார்கள். கவசத்தில் தெரியாத வேறுபாடு கூட்டில் தெரிகிறது. ஆகவே கூட்டுக்கு ஒரு பெயர், நீந்தும் உயிரிக்கு ஒரு பெயர் என இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.