மர்கெரித்: முத்தா, பூவா?

பெயர்ப் பொருள் தரும் பட்டியல்களில் 'மர்கெரித்' என்ற பிரெஞ்சுப் பெண் பெயருக்கு எதிரே 'டெய்சி பூ' என்று போட்டிருப்பார்கள். தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். பெயரின் மூலப் பொருள் முத்து.

முதலில் உச்சரிப்பு. ஆங்கிலப் பழக்கத்தில் 'மார்கரைட்' என்று படிப்பவர்கள் உண்டு. பிரெஞ்சு 't' நம் 'ட்' அல்ல, பல்லில் நா பட ஒலிக்கும் 'த்'. கடைசி 'e' எழுத்து ஒலிக்காது. ஆகவே 'மர்கெரித்' என்பதே தமிழில் ஓரளவு நெருங்கி வரும்.

பிரெஞ்சுக்கு இது லத்தீன் 'மார்கரீத்தா'விலிருந்து வந்தது. லத்தீனுக்குக் கிரேக்க 'மார்கரீத்தேஸ்'. அதற்கு முன்? ஈரானிய மொழி ஒன்றிலிருந்து கிரேக்கர் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பதே பலரின் கருத்து. பாரசீகத்தில் இன்றும் முத்துக்கு 'மொர்வாரீத்' என்றுதான் பெயர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் வேறு கதை சொல்கிறார். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீஸ் இந்தியக் கடலில் முத்தைக் கண்டு, தன் மகள் பண்டையாவுக்கு அணியாகத் திரட்டினானாம். 'மார்கரீத்தேஸ்' என்பது இந்தியர் மொழிச் சொல்லாம். இது மெகஸ்தனீஸ் வழியாக வந்த செய்தி. சொல்லாராய்ச்சியாக இதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் பண்டையா என்ற பெயரில் பாண்டிய நாட்டின் சாயல் தெரிகிறது என்பார்கள். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் நூலும் பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததைக் குறிக்கிறது. சொல் எங்கிருந்து போயிருந்தாலும், முத்தில் ஒரு பங்கு நம் கடலிலிருந்து போயிருக்கிறது.

பழைய பிரெஞ்சில் 'மர்கெரித்' என்றாலே முத்துதான். "உங்கள் முத்துக்களைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்" என்ற விவிலிய வாசகத்தை ஒட்டிய பழமொழியில் பழைய பிரெஞ்சுக்காரர்கள் பன்றிக்குப் போட்டது 'மர்கெரித்'களை! பின்னர் முத்தைக் குறிக்க 'பெர்ல்' என்ற சொல் நிலைத்துவிட, 'மர்கெரித்' வெள்ளை இதழ் பூவிடம் போய்ச் சேர்ந்தது. நம் சாமந்திக் குடும்பத்துப் பூ அது. ஒவ்வோர் இதழாகப் பிய்த்து, "காதலிக்கிறான், கொஞ்சமாக, நிறைய, வெறியோடு, பித்தாக, இல்லவே இல்லை" என்று எண்ணும் விளையாட்டு அதை வைத்துத்தான். 'பித்தாக' என்ற இடத்தில் இதழ் தீர்ந்துபோனால் அதிர்ஷ்டம். இதே பெயரின் ஆங்கில வடிவமான மார்கரெட்டை 'டெய்சி' என்று செல்லமாக அழைப்பதற்கும் இந்தப் பிரெஞ்சுப் பூதான் காரணம்.

அந்தியோக்கியாவின் புனித மார்கரெட் வழிபாடு இந்தப் பெயரை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. ழான் தார்க் (ஜோன் ஆஃப் ஆர்க்) தனக்குக் கேட்டதாகச் சொன்ன குரல்களில் ஒன்று இவருடையது. முதலாம் பிரான்சுவா மன்னரின் அக்கா மர்கெரித் த நவார் (1492–1549) கவிதை எழுதியவர். 1547இல் வந்த அவரது தொகுப்பின் தலைப்பிலேயே முத்து, பெயர் இரண்டையும் வைத்துச் சிலேடை விளையாடியிருப்பார்கள். பிரெஞ்சு மொழிக்கான உயர் அமைப்பான பிரெஞ்சு அகாதெமிக்கு 1980இல் தேர்வான முதல் பெண் எழுத்தாளர் மர்கெரித் யுர்சனார். இன்று முழுப் பெயரைவிட அதன் குறுக்கமான 'மர்கோ'தான் இளமையாக ஒலிக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் பெயரை மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மர்கெரித், மர்கெரித்தாகவே இருக்கட்டும். இதே பொருளில் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்குத்தான் இது. 'முத்து' என்று மட்டும் வைத்தால் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'முத்துமாரி'யில் கடல் முத்தோடு அம்மை முத்தும் சேர்ந்துவிடுகிறது. 'தரளம்' வடசொல். 'மரகதம்' ஒலியில் கிட்ட வருவதால் சிலர் இதற்கு இணையாகச் சொல்கிறார்கள். அது பச்சைக்கல், வேறு வேர். 'முத்தழகி' நல்ல பெயர். என் தேர்வு சங்கப் பாடல்களிலேயே முத்தைக் குறிக்கும் 'நித்திலம்' என்ற சொல்லிலிருந்து வரும் நித்திலா. மர்கெரித்துக்கு மர்கோ போல, வீட்டில் கூப்பிட 'நித்தி' இருக்கவே இருக்கிறது.