ஜெர்மனியில் பிஎச்.டி: ஸ்காலர்ஷிப்புக்கு முன் வேலை விளம்பரத்தைப் பாருங்கள்

ஜெர்மனியில் பிஎச்.டி என்றதும் பலரும் முதலில் தேடுவது ஸ்காலர்ஷிப்பைத்தான். பாதி வாய்ப்பு அங்கேயே நழுவிவிடுகிறது. ஏனென்றால் அங்கே, அதுவும் அறிவியல், பொறியியல் துறைகளில், பிஎச்.டி பெரும்பாலும் சம்பள வேலையாகவே வரும்; அறிவிப்பும் அட்மிஷன் பக்கத்தில் இருக்காது, வேலைவாய்ப்புப் பக்கத்தில் கிடக்கும்.

விளம்பரத்தில் 'டிவி-எல் இ13, 65%, 3 ஆண்டு' என்று போட்டிருப்பார்கள். டிவி-எல் என்பது மாநில அரசு ஊழியர்களுக்கான ஊதிய ஒப்பந்தம், இ13 அதில் ஒரு படிநிலை. 65% என்றால் முழு வேலை நேரத்தில் அவ்வளவுக்குத்தான் சம்பளம், மீதி நேரம் உங்கள் ஆய்வேட்டுக்கு என்பது கணக்கு. நடைமுறையில் நாள் முழுக்க லேப்பில்தான் இருப்பீர்கள், அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் 100% இடங்களும் நிறைய வரும். பணி ஒப்பந்தம் என்பதால் மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் ஒரு பங்கை நிறுவனம் கட்டும், ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. ஸ்காலர்ஷிப்பில் ஓய்வூதியக் கணக்கில் எதுவும் சேராது. கொடுப்பவர்களே காப்பீடு எடுத்துத் தந்தால் உண்டு, இல்லையென்றால் அதுவும் உங்கள் செலவு. அதனால் இரண்டும் கைக்கு வந்தால் நான் வேலையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எங்கே தேடுவது? பல்கலைக்கழகங்களின் வேலைப் பக்கங்கள், ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்செஸ் தளம், அப்புறம் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஐ.எம்.பி.ஆர்.எஸ் ஆய்வுப் பள்ளிகள். ஜெர்மன் ஆராய்ச்சி நிதியமான டி.எஃப்.ஜி பணம் தரும் ஆய்வுக் குழுக்களும் உண்டு, ஆனால் டி.எஃப்.ஜிக்கு எழுதிப் பயனில்லை, அந்தந்தக் குழுவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, ஸ்காலர்ஷிப்தான் வேண்டும் என்றால் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. அங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க, ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் உங்களுக்குக் கைடாக இருக்கச் சம்மதிக்கும் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். கடைசிப் பட்டம் வாங்கி பொதுவாக 6 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஏற்கெனவே ஜெர்மனியில் 15 மாதத்துக்கு மேல் இருப்பவர்களுக்கும் கிடையாது. ஆகவே கடைசித் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயில் போனால் யாரும் பதில் போட மாட்டார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் எந்தக் கேள்வியை நீங்கள் தொடர நினைக்கிறீர்கள், அதற்கு உங்கள் எம்.எஸ்சி ப்ராஜெக்ட் எப்படி உதவும் என்று நாலு வரியில் எழுதி, சி.வியையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே பி.டி.எஃபாக இணையுங்கள்.

ஆஸ்திரியாவில் இதே வேலைக்குப் பிரே-டாக் என்று பெயர். விளம்பரத்தில் வார மணிக்கணக்கு இருக்கும், வியன்னாவில் பெரும்பாலும் 30 மணி நேரம். சுவிட்சர்லாந்தில், சூரிச்சின் இ.டி.ஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பிஎச்.டி மாணவர்கள் சம்பள ஊழியர்களே. சுவிஸ் அரசு ஸ்காலர்ஷிப் தனி, அது இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் உண்டு, சுவிஸ் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், அங்கேயும் பேராசிரியர் கடிதம் இல்லாமல் நடக்காது.